குளத்துத் துண்டு: கணக்கில் வாங்குவதா, அடுக்கிலிருந்து எடுப்பதா?

ராயல் கரீபியன் நிறுவனத்தின் உல்லாசப் பயணக் கப்பலில் நீச்சல் குளத்துத் துண்டு வேண்டுமென்றால் அறை அட்டையை நீட்ட வேண்டும். திருப்பித் தராவிட்டால் துண்டுக்கு 25 டாலர் கணக்கில் ஏறும். டிஸ்னி நிறுவனத்தின் கப்பலில் அந்தப் பேச்சே இல்லை. குளத்தருகே அடுக்கி வைத்திருப்பார்கள்; துடைத்துவிட்டுக் கூடையில் போட்டால் போதும்.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு டிஸ்னி முறைதான் நிம்மதி. ஈரத் துண்டுகளைக் கட்டிக் காத்து, கடைசி நாள் எண்ணிப் பார்க்கும் வேலை இல்லை.

ஆனால் துண்டு விரித்து நாற்காலி பிடிக்கும் பழக்கத்தை இரண்டு முறையுமே தடுக்காது. அதற்குக் கார்னிவல் என்ற இன்னொரு கப்பல் நிறுவனத்தின் வழிதான் சரி: ஆளில்லாத நாற்காலியில் ஊழியர் நேரம் குறித்த சீட்டை ஒட்டுவார், 40 நிமிடத்தில் ஆள் வராவிட்டால் துண்டையும் பொருட்களையும் எடுத்துவிடுவார்கள். வயதானவர்கள் வெயிலில் நிற்க, யாரோ ஒருவருடைய செருப்பும் புத்தகமும் நாற்காலியில் கிடப்பது நியாயமே இல்லை.