குளிர்காலத்தில் ஆமையை விட்டுச் செல்வது: இங்கிலாந்தில் சில வருட அனுபவம்

"ஆமைதான் தூங்குமே, அப்படியே விட்டுட்டுப் போக வேண்டியதுதானே?" பொங்கலுக்கு ஊருக்குப் போகிறோம் என்றதும் இங்குள்ள நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி இது. உண்மையில் வருடத்திலேயே மிகக் கவனமாகப் பார்க்க வேண்டியது ஆமை தூங்கும் அந்தக் குளிர்கால மாதங்களைத்தான்.

எங்களிடம் இருப்பது ஹெர்மன் இனப் பெண் ஆமை. லண்டன் புறநகரில் எங்கள் தெருவில் இருந்த மூதாட்டி ஒருவர் முதியோர் இல்லத்துக்குப் போனபோது எங்களிடம் வந்து சேர்ந்தது. என்னைவிட மூத்தது, அதனால் வீட்டில் அதற்குப் பெயர் 'பாட்டி'. ஊரிலிருந்து வந்த மாமியார் "ஆமை புகுந்த வீடு..." என்று இழுத்தார். அடுத்த வாரமே தோட்டத்தில் டாண்டிலயன் இலை பறித்துப் போட ஆரம்பித்துவிட்டார்.

ஹெர்மன் போன்ற மத்தியதரைக் கடல் பக்கத்து ஆமைகளுக்குக் குளிர்கால உறக்கத்தில் 5 டிகிரி வாகு. 3 முதல் 7 வரை பரவாயில்லை. 10-ஐத் தாண்டினால் அரைத் தூக்கத்தில் விழித்து, சேர்த்து வைத்த கொழுப்பைக் கரைக்கும். உறைநிலைக்குக் கீழே போனால் கண் பார்வையே போய்விடலாம். அந்தக் காலத்தில் இங்கே மரப்பெட்டியில் வைக்கோல் போட்டு கராஜிலோ பரணிலோ வைத்துவிடுவார்கள். இப்போதைய டிசம்பரில் ஒருநாள் 13 டிகிரி, மறுநாள் உறைபனி. அதனால்தான் பலர் பிரிட்ஜுக்கு மாறிவிட்டார்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் ஃப்ரீஸர் இல்லாத சாதாரண பிரிட்ஜ்தான் வேலைக்கு ஆகிறது. உள்ளே ஒரு தெர்மாமீட்டர், காற்று மாற தினமும் ஒருமுறை கதவைத் திறந்து மூட ஒரு ஆள்.

இதற்கு முன் இரண்டு மூன்று வாரம் உணவை நிறுத்தி, தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் உட்கார வைக்க வேண்டும். வயிற்றில் மிச்சமிருக்கும் தீனி குளிரில் செரிக்காமல் அழுகும். பிரிட்ஜில் வைத்த பிறகு வாரம் ஒரு எடை. மாதத்துக்கு 1 சதவீதம் குறைவது இயல்பு. தொடக்க எடையில் 10 சதவீதத்தை நெருங்கினால் எழுப்பிவிட வேண்டும். அதாவது 1,200 கிராம் ஆமைக்கு 120 கிராம்தான் எல்லை. நடுவில் சிறுநீர் கழித்துவிட்டால் அன்றே எழுப்ப வேண்டும், ஏனென்றால் சிறுநீர்ப்பையில் இருக்கும் நீர்தான் அதன் சேமிப்பு.

அதனால் குளிர்காலத்தில் ஒரு பராமரிப்பு இடத்துக்கு நாம் கொடுக்கும் காசு, வாராவாரம் எடை குறித்து வைக்கும் நோட்டுக்குத்தான் என்பது என் முடிவு. முதலில் விட்ட இடம் பார்க்க அருமையாக இருந்தது. பெரிய தோட்டம், கண்ணாடி வீடு, வாட்ஸ்அப்பில் அழகான படங்கள். "நன்றாகத் தூங்குகிறாள்" என்று செய்தி வரும், எண் வராது. கேட்டபோது, எடை பார்க்க எடுத்தால் தொந்தரவு ஆகும் என்றார்கள். ஒரு நிமிடம் தராசில் வைத்தால் ஆமை விழித்துக்கொள்ளாது. பாட்டி பத்திரமாகத்தான் திரும்பியது. ஆனாலும் அங்கே மறுபடி விடவில்லை. ஹார்ஸ்ஃபீல்டு என்ற வேறு இன ஆமைகளும் ஹெர்மன் ஆமைகளும் ஒரே அடைப்பில் உலாவியதை நேரில் பார்த்ததும் ஒரு காரணம். பார்வைக்கு ஆரோக்கியமாக இருக்கும் ஒரு இனம் சுமக்கும் ஹெர்பீஸ் வைரஸ் இன்னொரு இனத்தைக் கொன்றுவிடும்.

இப்போது விடும் இடத்தில் ஒரு அம்மாள் வீட்டின் பின்னறையில் பிரிட்ஜ்களை வரிசையாக வைத்திருக்கிறார். அலங்காரம் ஒன்றும் கிடையாது. சேர்க்கும் முன்பே புழு இருக்கிறதா என்று மலப் பரிசோதனை முடிவு கேட்டார். கோடை முழுக்க எடுத்த எடைக் குறிப்பையும் கேட்டார். மெலிந்து போன ஒரு ஆமையை, "இதைத் தூங்க வைக்க மாட்டேன், விளக்கு வெளிச்சத்திலேயே குளிர்காலத்தைக் கழிக்கட்டும்" என்று என் எதிரிலேயே திருப்பி அனுப்பினார். அப்போதே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. ஞாயிறு இரவு எடை வந்துவிடும். விழித்த பிறகு அது குளித்து, தண்ணீர் குடித்து, சாப்பிடத் தொடங்கும்வரை அங்கேயே விட்டு, அதற்கும் சேர்த்துக் கட்டணம் கட்டுகிறேன். விழித்து ஒரு வாரமாகியும் வாய் வைக்காவிட்டால் டாக்டரிடம் போக வேண்டியிருக்கும், விமானக் களைப்போடு வந்து இறங்கும் நாளில் அந்த வேலை வேண்டாம்.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: இங்கிலாந்தில் 2018-இல் வந்த உரிம விதிகளில் தங்கவைப்பு உரிமம் நாய்க்கும் பூனைக்கும்தான். பிறர் ஆமையைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ள கவுன்சில் (உள்ளாட்சி) உரிமம் தேவையில்லை. எனவே சான்றிதழைத் தேடாதீர்கள், போய்ப் பாருங்கள்.

கோடையில் இவ்வளவு கவலை இல்லை. தனி அடைப்பு, தோண்டித் தப்பிக்க முடியாத வேலி, களைச்செடி தீனி, மழை நாளில் ஒதுங்க விளக்குப் போட்ட கொட்டகை இருந்தால் போதும்.

கைமாற்றுவது பற்றியும் பலர் கேட்கிறார்கள். ஆமை நம்மைத் தாண்டி வாழும் பிராணி, எனவே நியாயமான கேள்விதான். ஹெர்மன் ஆமையை விற்க ஆர்ட்டிகிள் 10 சான்றிதழ் (பாதுகாக்கப்பட்ட இனங்களை விற்க அரசு தரும் அனுமதி) வேண்டும், வளர்ந்த ஆமைக்கு மைக்ரோசிப்பும் வேண்டும். காசு வாங்காமல் கொடுத்தால் அந்தச் சான்றிதழ் கட்டாயமில்லை. இருந்தாலும் காகிதங்கள் ஆமையோடு போவதே நல்லது. 1984-இல் இறக்குமதி தடைசெய்யப்படும் முன் வந்த ஆமைகள் இன்னும் பல தோட்டங்களில் உண்டு. அவற்றுக்குப் பெரும்பாலும் எந்தக் காகிதமும் இருக்காது. இணைய விளம்பரம் போடுவதற்கு முன் பிரிட்டிஷ் கெலோனியா குரூப் போன்ற ஆமைகளுக்கான அமைப்பிடம் பேசிப் பாருங்கள். (இதைப் படித்துவிட்டு ஊரில் நட்சத்திர ஆமை வாங்க யாரும் கிளம்ப வேண்டாம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வைப்பதே குற்றம். மேலும் அது வெப்பநாட்டு ஆமை, குளிர்கால உறக்கமே அதற்கு ஆகாது.)

எங்கள் ஆமையை அடுத்து யார் எடுத்துக்கொள்வார்கள் என்று அண்ணன் மகளிடம் பேசி, உயிலிலும் எழுதியாயிற்று. எடை நோட்டும் அவளுக்குத்தான்.

வரும் ஜனவரிக்கு இடம் வேண்டுமென்றால் செப்டம்பரிலேயே கேளுங்கள். நவம்பர் கடைசியில் இடம் கிடைத்தாலும், மலப் பரிசோதனைக்கும் பட்டினி போடும் வாரங்களுக்கும் நாள் இருக்காது.