டி-90, அர்ஜுன்: இரண்டிலும் உட்கார்ந்த ஒரு கன்னரின் அனுபவம்

ஆர்மியில் டேங்க் கன்னராக, அதாவது டேங்க் பீரங்கியைக் குறிபார்த்துச் சுடுபவனாக இருந்தவன் என்று தெரிந்தால் போதும், எங்கள் ஆவடிப் பக்கம் அடுத்த கேள்வி உடனே வந்துவிடும்: "அர்ஜுன் நல்லதா, ரஷ்யாக்காரன் டேங்க் நல்லதா?" கேட்பவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே ஒரு கட்சியில் இருப்பார்கள். யாராவது ஒரு சித்தப்பா இங்கே டேங்க் செய்யும் ஹெவி வெஹிக்கிள் ஃபேக்டரியில் வேலை பார்த்திருப்பார். அர்ஜுன் நம் நாட்டில் வடிவமைத்தது, டி-72ம் டி-90ம் ரஷ்ய வடிவங்கள். நான் டி-72ல் தொடங்கி, எங்கள் ரெஜிமெண்ட் மாறியபோது டி-90க்குப் போய், பிறகு கன்னரி சொல்லிக்கொடுக்கும் உஸ்தாதாக அகமதுநகர் வந்து அர்ஜுனில் பழகியவன். மூன்றிலும் சுட்டிருக்கிறேன். கன்னர் சீட்டில் இருந்து பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். ராணுவத் தந்திரம் எல்லாம் பெரிய ஆபீசர்கள் பேசட்டும்.

டி-72 பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். பகலில் நம்பலாம். இரவில் பழைய இன்ஃப்ராரெட் சைட்டில் ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பது மங்கலாகத் தெரியும், அதற்கு மேல் இருட்டுதான். அதில் இருந்து வந்தவனுக்கு சூட்டை வைத்து இருட்டிலும் இலக்கைக் காட்டும் டி-90இன் தெர்மல் சைட் கண் ஆபரேஷன் முடிந்து கட்டு அவிழ்த்த மாதிரி. இந்தியா டி-90ஐ வாங்க 2001 பிப்ரவரியில் கையெழுத்துப் போட்டது. மொத்தம் 310 வண்டிகள்: 124 முழுசாக ரஷ்யாவில் இருந்து, மிச்சம் 186 பாகங்களாக வந்து ஆவடியில் பூட்டியவை. முழுக்க ஆவடியிலேயே செய்த முதல் பத்து 2009 ஆகஸ்டில் வெளியே வந்தன. இப்போது நம்மிடம் ஆயிரத்துக்கு மேல் இருக்கிறது.

உள்ளே எப்படி இருக்கும்? மூன்று பேர்தான். டிரைவர் முன்னால், மேலே சுழலும் டரட்டில் நானும் கமாண்டரும், நடுவில் 125 மி.மீ. கன். குண்டு ஏற்றும் ஆளான லோடர் கிடையாது, காலுக்குக் கீழே சுழல் தட்டில் 22 குண்டுகள். குண்டு வகைக்கு ஸ்விட்சைத் திருப்பி பட்டனை அமுக்கினால் தட்டு சுற்றும், பேரல் தானாக ஒரு கோணத்துக்கு ஏறி நிற்கும், முதலில் குண்டும் அப்புறம் அதைத் தள்ளும் வெடிமருந்தான சார்ஜும் உள்ளே தள்ளப்படும், பேரல் மறுபடி இறங்கும். ஏழெட்டு வினாடி வேலை. அதுவரை சைட் இலக்கை விட்டு நகராது. சுட்டதும் மிஞ்சும் சார்ஜின் இரும்பு அடிப்பகுதியை டரட்டின் பின்பக்கக் கதவு திறந்து வெளியே எறிந்துவிடும். முதல் தடவை பார்ப்பவன் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொள்வான். நல்ல பழக்கம், அப்படியே வைத்திருக்கச் சொல்லிவிடுவேன்.

குறை இல்லாமல் இல்லை. அந்த 22 குண்டும் நமக்குக் கீழேயேதான். டேங்க் துளைக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதை உக்ரைனில் டரட் பிய்ந்து பறந்த டி-72கள் எல்லோருக்கும் காட்டிவிட்டன. டி-90இலும் அதே அமைப்புதான். பின்னால் போகும் வேகம் மணிக்கு ஐந்து கிலோமீட்டர்கூடத் தேறாது. சுட்டுவிட்டு மேட்டுக்குப் பின்னால் ஒதுங்க வேண்டியவனுக்கு இது சின்ன விஷயமா? அப்புறம் வெயில். மே மாதம் ராஜஸ்தானில் வெளியே 45 டிகிரி என்றால் உள்ளே எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஆளாவது தண்ணீர் குடித்துச் சமாளிப்பான். தெர்மல் சைட்டுக்குத்தான் முதலில் மயக்கம் வரும். ஐரோப்பியக் குளிருக்கு வடிவமைத்த கருவி நம் பாலைவனத்தில் படுத்துவிடுகிறது என்பது அப்போதே பேப்பர்களில் வந்த சங்கதி.

அர்ஜுனில் ஏறிய முதல் நாள் எனக்குப் பட்டது, முழங்காலை நீட்ட இடம் இருக்கிறதே என்பதுதான். நாலு பேர் வண்டி. கன்னர் வலது பக்கம், அவனுக்குப் பின்னால் கமாண்டர், இடது பக்கம் லோடர். ஓடும்போது வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரியும். ஹைட்ரோநியூமாட்டிக் சஸ்பென்ஷன் மணல் மேட்டில் வண்டியை அலுங்காமல் கொண்டுபோகும். டி-90இல் அதே மேட்டில் நெற்றி சைட்டில் இடிக்கும். ஓடிக்கொண்டே சுடும்போது குறி நிற்பதற்கு குறியைக் கணக்கிட்டுப் பிடித்து வைக்கும் ஃபயர் கன்ட்ரோல் சிஸ்டத்தைப் பாராட்டுகிறார்கள், சரிதான். ஆனால் பாதிப் பெருமை சஸ்பென்ஷனுக்குப் போக வேண்டும் என்பது என் கணிப்பு. எடை அதிகம், 58.5 டன். ஆனாலும் ட்ராக் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் பட்டை) அகலம் என்பதால் தரையில் விழும் அழுத்தம் டி-90ஐ விடக் குறைவு. மணலில் புதைவதும் குறைவு.

லோடர் இருப்பது நல்லதா, கெட்டதா? திருவண்ணாமலைப் பக்கத்துப் பையன் ஒருவன் லோடராக வந்தான். முதல் சில குண்டுகளை மெஷினை விட வேகமாக ஏற்றிவிட்டு, "என்னண்ணே, பட்டன் தேவையா?" என்று சிரித்தான். மதியம் வண்டி ஆடிக்கொண்டே ஓடும்போது அதே பையன், "அண்ணே, கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கண்ணே" என்றான். மனிதன் களைப்பான், மெஷின் களைக்காது. ஆனால் இரவில் ட்ராக் கழன்றால் மாட்டவும், காவல் நிற்கவும், டீ போடவும் நாலாவது ஆள் இருப்பது எவ்வளவு பெரிய உதவி என்பது மூன்று பேர் வண்டியில் இருந்தவனுக்குத்தான் தெரியும்.

ஆக, சுடுவதற்கு அர்ஜுன்தான். 2010 மார்ச்சில் ராஜஸ்தானில் இரண்டு வகையிலும் 14 வண்டிகளை இறக்கி ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அர்ஜுன் டி-90ஐ முந்தியது என்று அப்போது செய்தி வந்தது. அதில் உட்கார்ந்த எந்தக் கன்னருக்கும் இது ஆச்சரியமாக இருந்திருக்காது.

அப்படியானால் ஏன் ஆயிரம் அர்ஜுன் இல்லை? என் அனுபவம் இங்கேதான் கசக்கிறது.

ஒருமுறை பயிற்சிக்கு நடுவில் கன் கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு எலக்ட்ரானிக் கார்டு போய்விட்டது. உள்ளங்கை அளவு இருக்கும். ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் கையிருப்பு இல்லை, மேலே எழுதியிருக்கிறோம் என்றார்கள். மேலே கேட்டால் வெளிநாட்டில் இருந்து வர வேண்டும், தனியாக ஒன்றிரண்டு தர மாட்டார்கள் என்று பதில். கடைசியில் எஞ்சின் வேலைக்காக ஓரமாக நின்றிருந்த இன்னொரு அர்ஜுனில் இருந்து கழற்றிப் போட்டோம். கேனபலைசேஷன் என்று இதற்குப் பேர். இப்படி இரண்டு வண்டியை வைத்து ஒரு வண்டி ஓட்டுவது தொடங்கிவிட்டால் அது நிற்காது. டி-90இலும் பாகம் உடையும். ஆனால் பெரும்பாலும் பக்கத்து டிப்போவிலோ அடுத்த ரெஜிமெண்டிலோ கிடைத்துவிடும்.

காரணம் உள்நாடு, இறக்குமதி என்ற பேரில் இல்லை, எண்ணிக்கையில் இருக்கிறது. அர்ஜுன் திட்டத்துக்கு 1974ல் அனுமதி. ஆர்டர் வந்தது 2000ல், வெறும் 124 வண்டிக்கு. முதல் ஐந்து 2004ல் கைக்கு வந்தன. இரண்டு ரெஜிமெண்ட், அவ்வளவுதான். எஞ்சின் ஜெர்மனியின் எம்டியு கம்பெனியின் 1400 குதிரைத்திறன், கியர்பாக்ஸ் ஜெர்மனியின் ரெங்க் கம்பெனியுடையது. பாதிக்கு மேல் வெளிநாட்டுச் சரக்கு. 124 வண்டிக்காக எந்தக் கம்பெனி இங்கே வந்து ஃபேக்டரி போடும்? குண்டும் அப்படித்தான். உலகத்தில் பெரும்பாலானவர்கள் உள்ளே வழவழப்பான ஸ்மூத்போர் பேரலுக்குப் போய்விட்டார்கள், உள்ளே சுருள் வரி வெட்டிய 120 மி.மீ. ரைஃபிள்ட் கன் வைத்திருப்பது நம் அர்ஜுனையும் பிரிட்டனின் சேலஞ்சரையும் விட்டால் அபூர்வம். அவசரத்துக்குச் சந்தையில் போய் அள்ளிக்கொண்டு வர முடியாது.

இறக்குமதி என்று திட்டப்படும் பக்கம் பாருங்கள். டி-72 சுமார் 2,400, அதற்கு மேல் டி-90. குண்டு, மிசைல், மெக்கானிக், சிமுலேட்டர், பாடத்திட்டம் எல்லாம் இந்த எண்ணிக்கையைச் சுற்றி வளர்ந்தவை. 2024ல் டில்லியில் உள்ள ராணுவத்தின் 505 பேஸ் ஒர்க்‌ஷாப் ஒரு டி-90ஐ நட்டு நட்டாகப் பிரித்து மறுபடி கட்டி வெளியே அனுப்பியது. 2025 மார்ச்சில் டி-72க்கு 1000 குதிரைத்திறன் எஞ்சின் வாங்க 24.8 கோடி டாலருக்கு ரஷ்யாவோடு ஒப்பந்தம். தொழில்நுட்பம் ஆவடிக்கு வருகிறது. எண்ணிக்கை இருப்பவனிடம்தான் விற்பவன் இறங்கி வருவான். அப்போதும் முழுசாக இறங்க மாட்டான்: டி-90இன் பேரல் தொழில்நுட்பத்தைக் கொடுக்க ரஷ்யா வருஷக்கணக்கில் இழுத்தடித்ததும் நடந்திருக்கிறது.

ஆவடிக்கு இது புதுசும் இல்லை. 1960களில் இதே ஃபேக்டரியில் செய்யத் தொடங்கிய விஜயந்தா பிரிட்டனின் விக்கர்ஸ் வடிவம்தான். ஆயிரக்கணக்கில் செய்தோம், பழகினோம், கடைசியில் நம்ம டேங்க் என்றே ஆகிவிட்டது.

அர்ஜுனுக்கு எதிராகச் சொல்லும் எல்லாவற்றையும் தள்ளிவிடவும் முடியாது. பஞ்சாப் பக்கம் கால்வாயும் பாலமும் நிறைய. கனமான வண்டி எல்லாப் பாலத்திலும் போகாது. ரயிலில் ஏற்றவும் தனி வேகன் பார்க்க வேண்டும். இதற்கு நடுவில் அர்ஜுனின் புது வடிவமான மார்க் 1ஏ 68 டன்னுக்குப் போய்விட்டது, எஞ்சின் மட்டும் அதே 1400. ஒரு டன்னுக்கு 24 குதிரைத்திறன் இருந்த வண்டியில் இப்போது 21கூட இல்லை. டி-90ஐ விடக் கொஞ்சம் குறைவு. கவசம், கமாண்டருக்குத் தனி தெர்மல் சைட், குண்டுக்குத் தனித்தனிப் பெட்டி என்று ராணுவம் கேட்டதெல்லாம் கொடுத்தார்கள். கேட்டவர்களே அப்புறம் எடை அதிகம் என்கிறார்கள். லடாக்குக்கு இது ஆகாது என்பது மட்டும் உண்மை. அங்கே போனவை டி-72ம் டி-90ம். அந்த இடத்துக்காகத்தான் இப்போது 25 டன்னில் ஜோராவர் என்ற இலகு டேங்க் வருகிறது.

மார்க் 1ஏயை 2021 பிப்ரவரி 14 அன்று சென்னையில் பிரதமர் ராணுவத் தளபதியிடம் கொடுத்தார். செப்டம்பரில் 118 வண்டிக்கு 7,523 கோடி ரூபாய் ஆர்டர். மறுபடியும் நூற்றுச் சொச்சம்தான்! இரண்டு ரெஜிமெண்ட் கணக்கு. ஜெர்மன் எஞ்சின் வருவதில் தாமதம் என்று வந்த செய்தியைப் பார்த்து எனக்குக் கோபம்கூட வரவில்லை. இவ்வளவு சின்ன ஆர்டருக்கு எஞ்சின் செய்பவன் எப்படி அவசரப்படுவான்?

டி-72களை மாற்ற எஃப்ஆர்சிவி என்ற அடுத்த டேங்க்குக்கு 2024 செப்டம்பரில் பாதுகாப்புக் கொள்முதல் கவுன்சில் அனுமதி கொடுத்திருக்கிறது. பேசப்படும் எண்ணிக்கை 1,770. மைசூரில் பெமல் என்ற அரசுக் கம்பெனியின் வளாகத்தில் 1500 குதிரைத்திறன் உள்நாட்டு எஞ்சினை 2024 மார்ச்சில் முதல்முறை ஓட்டிப் பார்த்தார்கள். இந்த 1,770ஐ ஒரே வண்டிக்கு, ஒரே எஞ்சினுக்கு, ஒரே குண்டுக்கு என்று கொடுத்தால் அது எந்த நாட்டு வடிவமாக இருந்தாலும் பாகத்துக்குத் தட்டுப்பாடு வராது. நூறு நூறாகப் பிரித்து நாலு வகைக்குக் கொடுத்தால், என் இடத்தில் உட்காரும் பையன் பக்கத்து வண்டியில் இருந்து கார்டைக் கழற்றிக்கொண்டிருப்பான்.