பழுதான குழாய் இணைப்பான்: தனி அறிக்கையா, ஆண்டு எண்ணிக்கையா?

அமெரிக்காவில் எரிவாயு விநியோகக் குழாய்களின் இயந்திர இணைப்பான் (குழாய்களைப் பற்றவைக்காமல் இறுக்கிப் பொருத்தும் துண்டு) பழுதாகி அபாயகரமான கசிவு ஏற்பட்டால், 2011 முதல் ஒவ்வொரு பழுதுக்கும் தனி அறிக்கை அளிக்க வேண்டியிருந்தது. 2021 ஜனவரியில் வெளியான விதித் திருத்தம் அதை நீக்கி, ஆண்டறிக்கையில் எண்ணிக்கையைக் குறித்தால் போதும் என்றாக்கியது. தம் உள்பதிவேட்டை எந்த முறையில் வைப்பது என்று தயங்கும் எரிவாயு நிறுவனத்தினருக்காக இரண்டையும் ஒப்பிடுகிறேன்.

விவரம்: தனி அறிக்கையில் தயாரிப்பாளர், மாதிரி எண், பொருத்திய ஆண்டு, குழாயின் மூலப்பொருள், கசிவின் காரணம் ஆகியவை இடம்பெறும். எண்ணிக்கையில் இவை எதுவும் இல்லை.

உழைப்பு: முன்னதற்குப் பழுதான துண்டை ஆராய்ந்து படிவம் நிரப்ப வேண்டும், பழைய குழாய்களில் மாதிரி எண் அழிந்திருப்பதும் உண்டு. பின்னது எளிது.

பயன்: ஒரே வகை இணைப்பான் வெவ்வேறு தெருக்களில் அடுத்தடுத்துத் தளர்வதைத் தனிப் பதிவுதான் காட்டிக்கொடுக்கும். என் கவலையெல்லாம் இதுதான், ஏனெனில் மண்ணுக்குள் மறைந்திருக்கும் அதே வகைத் துண்டுகளைக் கசியுமுன் மாற்ற வேறு வழி அரிது.

உயிரிழப்போ மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குக் காயமோ நேர்ந்தால் இந்தத் தெரிவுக்கே இடமில்லை: உறுதியானதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் தகவலும், 30 நாள்களுக்குள் எழுத்துமூல அறிக்கையும் கட்டாயம்.

ஒழுங்குமுறைக் கடமையை நிறைவேற்ற மட்டும் எண்ணிக்கை போதும். பல தயாரிப்பாளர்களின் பழைய இணைப்பான்கள் கலந்திருக்கும் நிறுவனம், சட்டம் கேட்காவிட்டாலும், தனிப் பதிவையே தொடர வேண்டும்.