பொலன்னறுவைக்கு “தமிழ் கைட்” எண்டு சொல்லி 62,500 ரூபாவை விழுங்கிட்டாங்க. கவனம்!

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து குடும்பமாப் பொலன்னறுவை போக யோசிக்கிற ஆக்கள் இதை வாசிச்சிட்டு மறுகா காசைப் போடுங்க. கோபம் ஆற முதல் எழுதுறன், பிழை இருந்தாப் பொறுத்துக்கொள்ளுங்க. பேர் போடமாட்டன். பேஸ்புக்கில பேஜ் வச்சு ஒருநாள் சுற்றுலா ஒழுங்கு செய்யிற ஆக்கள். கடை இல்ல, பெயர்ப்பலகை இல்ல, ஒரு வட்ஸ்அப் நம்பர்தான் எல்லாம். போன காசு 62,500 ரூபா.

சுவிஸிலயிருந்து மாமாவும் மாமியும் வந்திருந்தாங்க. மாமா போறதுக்கு முதல் இங்க சரித்திரம் படிப்பிச்சவர். அவருக்குக் கடலும் வேணாம், பாசிக்குடாவும் வேணாம். பொலன்னறுவையில ரெண்டு இடம் ஆறுதலாப் பார்க்கணும் எண்டார். ஒண்டு வேளைக்காரர் கல்வெட்டு, புத்தரின்ட தந்தத்தைக் காக்கிறதுக்குத் தமிழ்ப் படையாக்கள் பொறுப்பெடுத்ததைத் தமிழில வெட்டி வச்ச கல். மற்றது ஆலாஹன பிரிவேனா, 12ஆம் நூற்றாண்டில முதலாம் பராக்கிரமபாகு கட்டுவிச்ச பெரிய பிக்குமார் மடம். மடத்தின்ட இடிபாட்டுக்குள்ள நடக்கணும் எண்டுதான் அவர் சப்பாத்தே வாங்கிக்கொண்டு வந்தவர்.

பேஜில போட்டிருந்தது: ஏசி வான், காலையும் பகலும் சாப்பாடு, லைசன்ஸ் உள்ள தமிழ் கைட், வெளிநாட்டு பாஸ்போட்காரருக்கு நுழைவு டிக்கட், எல்லாம் சேர்த்து 62,500. விலை கூடத்தான். நான் இழுத்தன். அப்ப அந்த ஆள் மாமாவுக்கெண்டே ஒரு வொயிஸ் மெசேஜ் அனுப்பினான். நல்ல நிதானமான குரல். “ஐயா, 993இல ராஜராஜன்ட படை வந்ததில இருந்து தொடங்குவம். வானவன்மாதேவி ஈஸ்வரத்தைப் பார்த்திட்டு, தலதா மலுவ எண்ட பழைய கோயில் முற்றத்தில வேளைக்காரர் கல்வெட்டை நானே வரிவரியா வாசிச்சுக் காட்டுறன். பிரிவேனாவுக்கு மட்டும் ரெண்டு மணித்தியாலம் வச்சிருக்கன், அவசரப்படுத்தமாட்டன்.” மாமா அதை எத்தின தரம் போட்டுக் கேட்டாரோ தெரியாது. “கல்வெட்டு வாசிக்கிறவன் களவெடுப்பானா மகள்?” எண்டார். டிக்கட் முன்கூட்டி எடுக்கணும், முழுக்காசும் போடுங்க எண்டான். அண்டைக்கு ராவே போட்டாச்சு. “கிடைச்சிதுக்கா, நாங்களும் மட்டக்களப்புப் புள்ளையள்தானே, யோசிக்காதீங்க” எண்டு பதில் வந்திச்சு. அந்த வசனத்தை இப்ப வாசிச்சாலும் நெஞ்செரியுது.

விடியப்புறம் வரவேண்டிய வான் நல்லா வெயில் ஏறின பிறகுதான் கல்லடிக்கு வந்திச்சு. ஏசியில கேஸ் இல்லையாம். காலைச் சாப்பாடு ஆளுக்கொரு மாலு பணிஸ். புணானை தாண்டினதும் றைவர் பொடியன் தயங்கித் தயங்கிக் கதைக்கிறான்: “அக்கா, எனக்கு எட்டாயிரம்தான் தந்தவங்க. மிச்சச் சல்லியை உங்களிட்ட வாங்கச் சொன்னாங்க.” நான் 62,500க்கான ஸ்லிப்பைக் காட்டினன். பாவம், அவனுக்கும் முகம் செத்துப் போச்சு. அவனில எனக்குக் கோபமில்ல, அவனும் எங்களை மாதிரித்தான்.

மியூசியத்தடியில டிக்கட் கௌண்டர். பேஜ்காரன் அனுப்பின பிடிஎப்பை நீட்டினன். கௌண்டர்ல இருந்தவர் போனை வாங்கி, பெருசாக்கி, திருப்பித் தந்தார். இது எங்கட டிக்கட் இல்ல எண்டார், மரியாதையாத்தான் சொன்னார். மாமாவுக்கும் மாமிக்கும் திரும்பக் காசு குடுத்து எடுத்தம். நாங்க ஐடென்டி காட் காட்டினாக் காணும், அந்த வெளிநாட்டு விலை எங்களுக்கில்ல.

கைட்டுக்கு அடிச்சா, “நான் வேற குறூப்போட கண்டியில, என்ட ஆள் ஒருத்தர் வருவார்” எண்டான். வந்தது ஒரு சின்னப் பொடியன். லைசன்ஸ் காட்டைக் கேட்டா வீட்டில இருக்காம். தலதா மலுவவில எங்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பெரிய கல்லொண்டுக்கு முன்னால நிப்பாட்டி, “இதுதான் ஐயா தமிழ்க் கல்வெட்டு” எண்டான். அது கல்பொத்த! நிஸ்ஸங்கமல்ல ராசாவின்ட சிங்களக் கல்வெட்டு, கிட்டத்தட்ட 27 அடி நீளமான கல்லுப் புத்தகம். மாமா ஒண்டும் கதைக்கல. தானே சுத்தித் தேடி அடதாகே எண்ட பழைய தந்தக் கோயிலுக்குப் பக்கத்தில வேளைக்காரர் கல்வெட்டைக் கண்டுபிடிச்சு, எழுத்துக்கூட்டிக் கொஞ்சம் வாசிச்சார். அந்த நேரம் பார்த்து அந்தப் பொடியன் வேற குறூப் வந்திட்டுதெண்டு மாறிட்டான்.

பிரிவேனாவுக்கு நாங்களாத்தான் போனம், அதுவும் உச்சி வெயிலில. ரெண்டு மணித்தியாலம் எண்டு சொன்ன இடத்துக்கு மிஞ்சினது அரை மணித்தியாலம்தான், வானுக்கு அடுத்த ஹயர் இருந்ததாம். அங்க லங்காதிலக எண்ட சிலைவீட்டின்ட சுவர் ரெண்டும் 55 அடி உயரத்துக்கு நிக்குது, நடுவில தலையில்லாத செங்கல் புத்தர். அண்ணாந்து பார்த்தாக் கழுத்து வலிக்கும். சப்பாத்துக் கழட்டணும், தரை கொதிக்குது, மாமியால நாலடி வைக்க ஏலல. பக்கத்தில கிரி விகாரைத் தூபி. பிக்குமாருக்கு வைத்தியம் பார்த்த ஆஸ்பத்திரியின்ட அத்திவாரமும் அங்கதான் இருக்கு. ஆளைப் படுக்கவச்சு மருந்தெண்ணெய் ஊத்திற கல்தொட்டியைப் பார்க்கணும் எண்டுதான் மாமா சுவிஸில இருந்தே சொல்லிக்கொண்டிருந்தவர். அதைத் தேட நேரமில்லாமப் போச்சு. பாறையில செதுக்கின புத்தர் சிலையள் உள்ள கல் விகாரையை எட்டிப் பார்த்திட்டுக் கிறுகி வந்தம். பகல் சாப்பாடு? வரவேயில்ல. மன்னம்பிட்டியில கடையொண்டில எங்கட காசில சாப்பிட்டம். வீட்டடியில இறங்கேக்க றைவருக்கும் மிச்சத்தைக் குடுத்தன். அவன்ட வயித்தில அடிக்க மனமில்ல.

இனித்தான் கூத்து. முதல் “சொறி அக்கா, பார்த்துச் சொல்றன்.” மறுகா “மெனேஜர் கொழும்பில.” மறுகா “றிபண்ட் போம் நிரப்புங்க”, நிரப்பினன். “பேங்க் லீவு.” கடைசியா வேற ஒருத்தி எடுத்து, “நீங்க பயணம் போய்ட்டு வந்திட்டீங்கதானே, போகாட்டித்தான் றிபண்ட்” எண்டாள். டிக்கட் எங்க, கைட் எங்க எண்டு கேட்டதும் கட். இப்ப என்ட நம்பர் புளொக். பேஜில கொமெண்ட் போட்டன், அழிச்சிட்டாங்க. எங்கட போட்டோவை மட்டும் “மகிழ்ச்சியான வாடிக்கையாளர்கள்” எண்டு போட்டு வச்சிருக்காங்க. என்ன துணிச்சல்! 62,500 ரூபா, அதுக்கு மேல ரெண்டாந்தரம் எடுத்த டிக்கட், றைவர்ட காசு.

என்ன செய்யலாம் எண்டு விவரமா எழுதத்தான் நினைச்சன், கை நடுங்குது. சுருக்கமாச் சொல்றன். முழுக்காசையும் முன்கூட்டிப் போடாதீங்க. கணக்கு வேற ஆளின்ட பேரில இருந்தா உடனே நிப்பாட்டுங்க. கைட்டின்ட சுற்றுலா அதிகார சபை லைசன்ஸைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. டிக்கட்டை நீங்களே கௌண்டர்ல எடுங்க. வான் தேவையெண்டாத் தெரிஞ்ச றைவரோட நேரடியாக் கதைங்க, இல்லாட்டி ரெயின்ல போய் அங்க த்ரீவீல் பிடிங்க. ஏமாந்த ஆக்கள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977இல அடிங்க, நானும் அடிச்சிருக்கன். ஸ்லிப், வொயிஸ் மெசேஜ் ஒண்டையும் அழிக்காதீங்க.

அதே பேஜ் இப்ப ஸ்கூல் லீவுக்குத் திம்புலாகலைக் குகை மடத்துக்கு ஆள் சேர்க்குது, “தமிழ் கைட்” எண்டே போட்டிருக்கு. ஆரும் காசு போட்டிருந்தா இண்டைக்கே பேங்குக்குப் போய்க் கதைங்க.