வால்பாறைச் சோலையில் எந்த ரெக்கார்டர், எத்தனை, எவ்வளவு நேரம்?

காட்டில் தானாகவே ஒலியைப் பதியும் ரெக்கார்டர்களைக் கட்டி, உயிரினங்களைக் குரலை வைத்துக் கணக்கெடுக்கப் போகிறோம், எதை வாங்கலாம் என்று நண்பர்கள் கேட்கும்போதெல்லாம், எதைக் கேட்கப் போகிறீர்கள் என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். இருவாச்சியா, புதர்த்தவளையா, வௌவாலா? அது முடிவானால் பாதித் திட்டம் முடிந்த மாதிரி.

வால்பாறைப் பீடபூமியை எடுத்துக்கொள்வோம். சுமார் 220 சதுர கிலோமீட்டர். தேயிலைக்கும் காப்பிக்கும் நடுவே துண்டுதுண்டாக மழைக்காடு. அதில் சில துண்டுகளில் 20 ஆண்டுகளுக்கு மேலாக நாட்டு மரங்களை நட்டுக் காட்டை மீட்டெடுக்கிறார்கள். அப்படி மீட்ட காட்டுக்குப் பறவைகள் திரும்பிவிட்டனவா, நடாமல் விட்ட துண்டிலிருந்து அது வேறுபடுகிறதா என்பது நம் கேள்வி என்று வைத்துக்கொள்வோம்.

முதலில், ஆளா கருவியா? ஓரிடத்தில் பத்து நிமிடம் நின்று, கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் எழுதும் பழைய முறையை மட்டமாக நினைக்க வேண்டாம். குக்குறுவான் கத்தினால், கத்துவது ஒன்றா மூன்றா, எவ்வளவு தூரத்தில் என்று பழகிய ஆள் சொல்லிவிடுவார். ஒற்றை மைக்கால் அது முடியாது. வாயே திறக்காமல் கிளையில் உட்கார்ந்திருக்கும் பறவையும் ஆள் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் விடிவதற்கு முன்பே இருபது இடங்களில் ஒரே நேரத்தில் நிற்க எந்தக் குழுவிடமும் ஆள் கிடையாது. யானை நடமாடும் துண்டுக்குள் இருட்டில் தவளைவாயன் என்ற இராப்பறவையைத் தேடிப் போ என்று யாரையும் அனுப்ப எனக்கு மனம் வராது. இந்தக் கேள்விக்கு நான் கருவி பக்கம்தான். ஆனாலும் ஒவ்வொரு துண்டிலும் இரண்டு காலையாவது ஆள் போய் எண்ணிவிட்டு வர வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கருவி எதைத் தவறவிடுகிறது என்று புரியும்.

சரி, எந்தக் கருவி? ஒரு பக்கம் சாங் மீட்டர் எஸ்எம்4. நான்கு பெரிய டார்ச் பேட்டரி, இரண்டு மைக், தடித்த உறை. மைக் கெட்டால் கழற்றி வேறு போடலாம். இன்னொரு பக்கம் ஆடியோமாத். உள்ளங்கையில் அடங்கும் பலகை, மூன்று பென்சில் பேட்டரி, மைக் பலகையோடே ஒட்டியிருக்கும். பெரியது ஒன்றின் விலையில் சிறியதைப் பல வாங்கலாம்.

பதிவின் தெளிவு மட்டும்தான் முக்கியம் என்றால் எஸ்எம்4 நல்ல கருவி. ஆனால் நான்கு இடங்களில் அருமையாகப் பதிவு செய்தால் அந்த நான்கு இடங்களைப் பற்றித்தான் பேச முடியும். நம் கேள்வியோ துண்டுக்குத் துண்டு உள்ள வேறுபாடு. அதற்கு இடங்களின் எண்ணிக்கைதான் பலம் என்பதால் ஆடியோமாத்தைத் தேர்ந்தெடுப்பேன். வௌவாலும் வேண்டும் என்றால் இன்னும் யோசிக்கவே வேண்டாம். நம் ஊர் இலைமூக்கு வௌவால்களில் சில 130 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒலி எழுப்புகின்றன. அதைப் பிடிக்க மாதிரி வீதம், அதாவது கருவி நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறது என்பது, அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும். ஆடியோமாத் 384 கிலோஹெர்ட்ஸ் வரை போகும். சாதாரண எஸ்எம்4 96-ல் நின்றுவிடும், வௌவாலுக்குத் தனி மாடல் வாங்க வேண்டும்.

எதை வாங்கினாலும், மீட்ட காட்டில் ஒரு வகை, மற்றதில் இன்னொரு வகை என்று மட்டும் கட்டாதீர்கள். மைக்குக்கு மைக் உள்ள வித்தியாசம் காட்டின் வித்தியாசமாகக் கணக்கில் ஏறிவிடும்.

ஆடியோமாத் எடுப்பவர்கள் கடிகாரத்தைக் கவனியுங்கள். பேட்டரியைக் கழற்றினால் நேரம் போய்விடும். மறுபடி நேரம் கொடுக்காமல் கட்டிவிட்டு வந்தால் அட்டவணைப்படி பதிவாகாது, இரண்டு வாரம் கழித்து வெறும் கார்டுதான் கைக்கு வரும். அமைப்பில் மாற்றாவிட்டால் கோப்பின் பெயரில் வருவதும் உலகப் பொது நேரம். 003000, அதாவது 00:30:00 என்றிருந்தால் நம் ஊரில் காலை 6 மணி. அதை நள்ளிரவு என்று படித்துவிட்டால் ஆய்வே தலைகீழ்.

அடுத்தது, இடைவிடாமல் பதிவதா, விட்டு விட்டுப் பதிவதா? 48 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதத்தில் நாள் முழுக்க ஓடவிட்டால் ஒரு நாளைக்கு 8.3 ஜிபி சேரும். 128 ஜிபி கார்டு 15 நாளில் நிறைந்துவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு நிமிடம் என்றால் 1.7 ஜிபிதான். அடிக்கடி கத்தும் பறவைகளுக்கு இதுவே தாராளம். ஒரே நாளை முழுதாகக் கேட்பதைவிடப் பல நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டால் புதிய இனங்கள் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் எப்போதாவது கத்தும் பெரிய இருவாச்சியையும், பொழுது சாய்ந்ததும் சற்று நேரமே குரல் கொடுத்துவிட்டு அடங்கும் தவளைவாயனையும் அந்த நான்கு நிமிட இடைவெளி விழுங்கிவிடலாம். ஆகவே விடியலிலும் அந்தியிலும் இரண்டிரண்டு மணி நேரம் இடைவிடாமல், மற்ற நேரம் ஐந்துக்கு ஒன்று. சீகாரப் பூங்குருவி வெளிச்சம் வருமுன்பே சீழ்க்கையடிக்கத் தொடங்கிவிடும், அதனால் சூரியன் எழும் நேரத்துக்கு ஒரு மணி முன்பே கருவி விழித்திருக்கட்டும்.

திட்டங்கள் பெரும்பாலும் சறுக்குவது கருவியை இடம் மாற்றும் அட்டவணையில்தான். பத்து கருவி, முப்பது இடம், இடத்துக்கு ஒரு வாரம். முதல் வாரம் மீட்ட காடு, அடுத்த வாரம் மீட்காத காடு என்று போனால் நடப்பதற்கு வசதி, வண்டிச் செலவும் குறையும். ஆனால் இரண்டாம் வாரம் சிள்வண்டுகள் கிளம்பிவிட்டால்? பகல் முழுக்க அந்த இரைச்சல் பறவைக் குரலை மூடிவிடும். மீட்காத காட்டில் பறவையே இல்லை என்று கணக்கு பொய் சொல்லும். ஒவ்வொரு வாரமும் பாதிக் கருவி இங்கே, பாதி அங்கே என்று பிரித்துக் கட்டினால் மழையும் சிள்வண்டும் இரு பக்கத்தையும் சமமாகப் பாதிக்கும். கால் வலித்தாலும் இதை விட்டுக்கொடுக்காதீர்கள். தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் உறையில் விழும் துளிச் சத்தமே பல மணி நேரத்தைத் தின்றுவிடும். பறவைக்கு மார்ச், ஏப்ரல். புதர்த்தவளைக்கு மழை தொடங்கிய பிறகு.

அப்புறம் யார் கேட்பது? பறவைக் குரலை அடையாளம் காணும் மென்பொருளான பேர்ட்நெட், பதிவை மூன்று மூன்று நொடியாக வெட்டி, பறவையின் பெயரையும் ஒரு மதிப்பெண்ணையும் தரும். மலைபோல் குவிந்த பதிவை அது சலித்துக் கொடுப்பது பெரிய உதவி. ஆனால் 0.8 என்றால் நூற்றுக்கு எண்பது சரி என்று பொருள் இல்லை. ஒவ்வொரு இனத்திலும் கொஞ்சம் எடுத்துக் காதால் கேட்டுப் பார்த்த பிறகுதான் எந்த மதிப்பெண்ணுக்கு மேல் நம்பலாம் என்று முடிவு செய்ய வேண்டும். துடுப்புவால் கரிச்சான் வேறு பறவைகளின் குரலை அப்படியே எடுத்துப் பாடும். இந்தக் காட்டை அறிந்த காது அங்கே கட்டாயம் வேண்டும்.

வனத்துறை அனுமதி வாங்கியதும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். தோட்டத் தொழிலாளர்கள் அந்த ஓரமாகத்தான் நடந்து போவார்கள், பேசிக்கொண்டே போவார்கள், அதுவும் பதிவாகும். லைன் வீடுகளுக்குப் போய் முன்னாலேயே சொல்லுங்கள். மரத்தில் தமிழில் ஓர் அட்டை கட்டுங்கள். மனிதப் பேச்சு வரும் பகுதியை அழித்துவிடுங்கள். போகும்போது இருவாச்சி கத்தும் பதிவு ஒன்றைப் போட்டுக் காட்டுங்கள். அது எந்த மரத்தில் கூடு வைத்திருக்கிறது என்று அங்கே ஒருவருக்குத் தெரிந்திருக்கும்.