லாகோஸில் ஏழாண்டு, உல்சானில் நான்காண்டு: யோருபாவையும் கொரிய மொழியையும் புழங்கிய அனுபவம்

2008 முதல் 2015 வரை நைஜீரியாவின் லாகோஸ் நகரிலும், அதன்பின் 2019 வரை தென்கொரியாவின் உல்சானிலும் வேலை பார்த்தேன். லாகோஸ் பகுதியில் பேசப்படும் யோருபா, கொரிய மொழி இரண்டையும் நான் தேர்வுக்காகப் படிக்கவில்லை. கிடங்கிலும் சந்தையிலும் தொழிற்சாலை உணவுக்கூடத்திலும் காரியம் ஆகவேண்டும் என்பதற்காகவே பழகினேன். ஆகவே இதை ஒரு புழங்குநரின் மதிப்பீடாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

முதல் வாரத்தில் கொரிய மொழியே வெல்லும். செஜோங் மன்னர் 1443-இல் உருவாக்கி 1446-இல் நாட்டுக்கு அறிவித்த ஹங்குல் எழுத்து, 14 மெய்யும் 10 உயிரும் அடிப்படையாகக் கொண்டது. ககரத்துக்கு நாவின் அடி மேலெழும் வடிவம், மகரத்துக்கு வாயின் வடிவம் என்று ஒலிக்கும் உறுப்பைப் பார்த்தே வரைந்திருக்கிறார்கள். எழுத்துகளின் பிறப்பைப் பள்ளி இலக்கணத்தில் படித்த நமக்கு இது ஒன்றும் அந்நியமாகத் தோன்றாது. மூன்றாம் நாளே பேருந்தின் பெயர்ப்பலகையைத் தடுமாறித் தடுமாறி வாசித்துவிட்டேன். வாசித்தது விளங்கியதா என்பது வேறு விஷயம். நிலவு, முகமூடி, மகள் ஆகிய மூன்றையும் குறிக்கும் சொற்கள் என் காதுக்கு ஒரே ‘தல்’லாகத்தான் கேட்டன. கொரியர்களோ சாதாரணமாக ஒன்று, மூச்சை ஊதி ஒன்று, தொண்டையை இறுக்கி ஒன்று என மூன்றாகப் பிரிக்கிறார்கள். இந்த வேறுபாடு என் காதில் பிடிபட ஓராண்டு ஆயிற்று.

யோருபாவில் எழுத்து தொல்லை தராது, லத்தீன் எழுத்துதான். சில எழுத்துகளின் கீழ் ஒரு புள்ளி வரும், உயிரெழுத்துகளின் மேல் சாய்கோடுகள் வரும். அந்தக் கோடுகள்தான் மொழியின் உயிர், அவற்றைத்தான் அன்றாட எழுத்தில் பெரும்பாலோர் போடுவதில்லை! உயர்வு, நடுத்தரம், தாழ்வு என மூன்று சுரங்கள் அங்கே பொருளைத் தீர்மானிக்கின்றன. லாகோஸின் முஷின் சந்தையில் ஆரஞ்சு விற்ற ஓர் அம்மாவிடம், இருபது நைரா என்று பேரம் பேசப்போய் ‘ஒகுன்’ என்று தட்டையாகச் சொன்னேன். கடைசி அசையை உயர்த்தினால்தான் அது இருபது. தட்டையாகச் சொன்னால் போர். அந்த அம்மா பக்கத்துக் கடைக்காரியைக் கூப்பிட்டு, இந்த மனிதர் நம்மோடு சண்டைக்கு வந்திருக்கிறார் என்று சொல்லிச் சிரித்தார். முதல் அசையைத் தாழ்த்திக் கடைசி அசையை உயர்த்தியிருந்தால் அது இரும்பின் தெய்வமான ஒகுனின் பெயராகியிருக்கும். போதாக்குறைக்கு யோருபாவில் ஒகரம் இருவகை, எகரமும் இருவகை. பணம், கை, மரியாதை மூன்றும் தமிழ் எழுத்தில் ஏறக்குறைய ‘ஒவொ’ என்றே வரும்.

வாக்கிய அமைப்பில் நிலைமை தலைகீழ். யோருபா வினைச்சொல் உருமாறுவதில்லை. ‘லொ’ என்றால் போதல். ‘மொ லொ’ என்றால் போனேன். முன்னால் ஒரு சிறு துணைச்சொல் சேர்ந்தால் போய்க்கொண்டிருக்கிறேன் என்றோ போவேன் என்றோ ஆகிவிடும். அவன், அவள், அது மூன்றுக்கும் ஒரே சொல். கொரிய வினையின் வாலோ பேசுபவரின் நிலை, கேட்பவரின் நிலை, எழுவாயின் நிலை எல்லாவற்றையும் சுமக்கிறது. ஆயினும் தமிழருக்கு அங்கே ஒரு பெரிய சலுகை உண்டு. ‘சாப்பிட்டுப் பார்’ என்பதைக் கொரியர்களும் சாப்பிடுதல், பார்த்தல் என்ற அதே இரண்டு வினைகளை அதே வரிசையில் வைத்துத்தான் சொல்கிறார்கள். ‘மறந்துவிட்டேன்’ என்பதில் நாம் ‘விடு’ சேர்க்கும் இடத்தில் அவர்கள் ‘எறி’ என்ற வினையைச் சேர்க்கிறார்கள். ‘போகிறேன் என்று சொன்னார்’ என்பதில் வரும் ‘என்று’வுக்கும் நேர்ச்சொல் இருக்கிறது. என்னோடு சேர்ந்து கற்ற ஐரோப்பியர்கள் மாதக்கணக்கில் புரட்டிப் போட்டுப் பழகிய வாக்கியங்களை நான் தமிழில் நினைத்துச் சொல்லுக்குச் சொல் மாற்றியே பேசினேன். இதை வைத்துத் தமிழும் கொரிய மொழியும் ஒரே குடும்பம் என்று வாதிடுவோருடன் எனக்கு உடன்பாடில்லை. அமைப்பு ஒத்திருப்பது உறவுக்குச் சான்றாகாது.

மரியாதையில்தான் நான் அதிகம் அடிபட்டேன். பெரியவர்களின் செயலைச் சொல்லும்போது வினையின் நடுவே ‘ஷி’ என்ற உருபைச் சேர்க்கவேண்டும் என்று கற்ற உற்சாகத்தில், மேலாளர் முன் என் வருகைக்கே அதைச் சேர்த்துவிட்டேன். ‘நான் எழுந்தருளினேன்’ என்று அறிவித்தது போல ஆயிற்று. உறவுச்சொற்களிலும் ஒரு வேடிக்கை உண்டு. யோருபாவில் மூத்தவரென்றால் ‘எக்பொன்’, இளையவரென்றால் ‘அபுரோ’. ஆணா பெண்ணா என்ற பேச்சே இல்லை. நாம் அண்ணன், அக்கா எனப் பிரிக்கிறோம். கொரியர்கள் அதற்கும் ஒரு படி மேலே போய், கூப்பிடுகிறவர் ஆணா பெண்ணா என்றும் பார்க்கிறார்கள். அக்காவை ஆண் ‘நூனா’ என்பார், பெண் ‘ஒன்னி’ என்பார். தொலைக்காட்சித் தொடர்களைப் பார்த்துப் பழகிய நான் மூத்த சக பெண் பணியாளரை ‘ஒன்னி’ என்று அழைத்து, அந்த உணவுக்கூடத்தில் சில வாரங்களுக்குப் பேசுபொருளானேன்.

யோருபாவில் பிழை செய்தாலும், முகமன் தெரிந்தால் மன்னித்துவிடுவார்கள். ‘எ கு’ என்று தொடங்கி, வேலை செய்பவருக்கு ஒன்று, உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்று, சந்தையில் இருப்பவருக்கு ஒன்று, மழைக்கு ஒன்று, பிள்ளை பெற்றவருக்கு ஆபத்தைக் கடந்ததற்காக ஒன்று என வரிசையாக உண்டு. வேலை செய்பவர் எவராயினும் ‘எ கு இஷே’ என்று தயங்காமல் சொல்லலாம். கொரியாவில் அதே எண்ணத்தோடு ‘சுகோஹாசெயோ’ என்று மேலதிகாரியிடம் சொன்னேன். மேலே இருப்பவரின் உழைப்பைக் கீழே இருப்பவர் மெச்சுவது போலாகும் என்று பிற்பாடு ஒருவர் தனியே அழைத்துச் சொன்னார்.

கற்கும் வசதியைக் கேட்டால் ஒப்பீடே கிடையாது. கொரிய மொழிக்கு ஆறு நிலைகளில் தகுதித் தேர்வும் எண்ணற்ற பாடநூல்களும் தொடர்களும் இருக்கின்றன. யோருபாவுக்கு 2018-இல் பிபிசி தொடங்கிய சேவை பெரிய உதவி. ஆனால் நான் லாகோஸை விட்டு வந்த பிறகல்லவா அது வந்தது! மேலும் லாகோஸில் நாம் திணறினால் எதிரில் இருப்பவர் உடனே பிட்ஜின் என்ற ஆங்கிலக் கலப்பு மொழிக்கு மாறிவிடுவார். உல்சானில் அந்தத் தப்பிக்கும் வழி எனக்கு அதிகம் வாய்க்கவில்லை.

எண்களை இரண்டு மொழிகளும் எளிதாக விடவில்லை. கொரியாவில் மணியைச் சொந்தக் கொரிய எண்சொல்லிலும் நிமிடத்தைச் சீன வழி எண்சொல்லிலும் சொல்லவேண்டும். யோருபாவில் இருபதுகளே அடிப்படை, கூட்டலோடு கழித்தலும் உண்டு. அறுபது என்பது மூன்று இருபது. ஐம்பது என்பது அறுபதில் பத்துக் குறைவு. நாற்பத்தைந்து என்பது அந்த ஐம்பதில் ஐந்து குறைவு. ஊர் திரும்பிச் சில ஆண்டுகள் ஆகியும் ஹங்குல் பலகையைக் கண்டால் இன்றும் வாய் தானாக வாசிக்கிறது. லாகோஸ் நண்பர் தொலைபேசியில் விலை சொன்னால் மட்டும், விரலை மடக்கிக் கணக்குப் போட்ட பிறகே பதில் சொல்கிறேன்.