டிரெடில் மெஷினும் ஈய எழுத்தும்: நெடுநாள் ஓட்டியபின் ஒரு மதிப்பீடு

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துச் சிறிய அச்சகங்களில், காலால் மிதித்து ஓட்டும் டிரெடில் அச்சு மெஷின் இன்னும் ஒரு மூலையில் நிற்கிறதென்றால், பெரும்பாலும் அது எழுத்து அடிப்பதற்காக நிற்பதில்லை. கோயில் கொடை வரி ரசீதுக்கும் சர்ச் காணிக்கை ரசீதுக்கும் நம்பர் போடுவது, கிழிப்பதற்கான துளைக்கோடு (பெர்ஃபரேஷன்) அடிப்பது, ஆஃப்செட்டில் அச்சான கல்யாணக் கார்டுக்கு மடிப்புக்கோடு போடுவது என்று அதற்கு வேறு வேலை இருக்கிறது. இப்போது கற்றுக்கொள்ள வருகிறவர்கள் கேட்பது இதுவல்ல. தடித்த காட்டன் அட்டையில் எழுத்து உள்ளே பதிந்து விரலுக்குத் தட்டுப்பட வேண்டும் என்கிறார்கள். இரண்டு வேலைக்கும் ஒரே மெஷின் போதும், ஆனால் வைத்துக்கொள்ளும் விதம் வேறு. அது தெரியாமல் வாங்கிப் போட்டவர்கள்தான் சீக்கிரமே தார்ப்பாய் போட்டு மூடிவிடுகிறார்கள்.

மெஷினைப் பற்றிக் குறை சொல்ல அதிகம் இல்லை. ஜார்ஜ் ஃபினியஸ் கார்டன் 1850-களில் அமெரிக்காவில் உருவாக்கிய வகையைத்தான் நம் ஊரில் கிடைக்கும் பல டிரெடில்களும் பின்பற்றுகின்றன. எழுத்துகளைச் சட்டத்தில் பூட்டிய ஃபாரம் பெட் என்ற தட்டில் நிற்கும், தாளை ஏந்திய பிளாட்டன் என்ற தட்டு கீழே உள்ள கீலில் திரும்பி வந்து மூடும். கெட்டுப்போகக்கூடிய உறுப்புகள் குறைவு. 10×15 அங்குல அளவு எடுத்தால் அழைப்பிதழ், ரசீது, லெட்டர்ஹெட் எல்லாவற்றுக்கும் போதும். எடை அரை டன்னைத் தாண்டும், ஆகவே மாடிக்கு ஏற்றும் யோசனையே வேண்டாம். பழைய மெஷின் பார்க்கப் போகும்போது பெயின்டைப் பார்க்காதீர்கள். பக்கத்துக் கைகளிலும் சக்கரத்தின் ஆரங்களிலும் வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். வார்ப்பிரும்பில் போட்ட வெல்டிங்கை நம்ப முடியாது. பிளாட்டனை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டுங்கள், லொடலொடவென்று ஆடினால் விட்டுவிடுங்கள். மை பூசும் ரோலர் ஓடும் தண்டவாளம் நடுவில் தேய்ந்து குழிந்திருக்கும். அதைச் சரிசெய்துகொள்ளலாம், விலையைக் குறைக்கவும் அது உதவும்.

பணம் உண்மையில் செலவாக வேண்டிய இடம் ரோலர். பழைய கம்போசிஷன் ரோலர், அதாவது வஜ்ஜிரப் பசையும் கிளிசரினும் காய்ச்சி வார்த்தது, நம் குமரி மாவட்டத்துக்குச் சரிப்பட்டு வராது. ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை என்று இரண்டு பருவமும் இங்கே பெய்கிறது. ஈரத்தில் அது ஊதும், ஏப்ரல் வெயிலில் இளகும், ஒரே வருடத்தில் வடிவம் போய்விடும். நைட்ரைல் ரப்பரில், ரப்பரின் கடினத்தை அளக்கும் ஷோர் அளவில் 20 முதல் 30 வருமாறு செய்யச் சொல்லுங்கள். இதைவிடக் கடினமானால் சின்ன எழுத்தின் முகத்தில் மை சமமாக ஏறாது. ரோலரின் இரு முனையிலும் உள்ள சக்கரமும் ரோலரும் ஒரே விட்டத்தில் இருக்க வேண்டும். சக்கரம் சிறியதாகிவிட்டால் ரோலர் உருளாமல் எழுத்தின்மேல் இழுபடும், மை எழுத்தின் தோளில், அதாவது முகத்துக்குக் கீழே உள்ள பகுதியில், வழியும்.

இதைச் சோதிக்க, எழுத்து உயரத்துக்குச் செய்த பிளாக் ஒன்றை பெட்டில் வைத்து, மை பூசிய ரோலரை அதன்மேல் மெதுவாக இறக்கி எடுங்கள். பிளாக்கில் விழும் மைக்கோடு சுமார் 3 மில்லிமீட்டர் அகலம் இருந்தால் சரி. 5 அல்லது 6 மில்லிமீட்டர் விழுந்தால் ரோலர் தாழ்ந்து ஓடுகிறது என்று அர்த்தம். தண்டவாளத்தில் வழவழப்பான டேப் ஒட்டி உயர்த்த வேண்டும். கோடே விழாவிட்டால் ரோலர் தேய்ந்திருக்கிறது. பெட்டின் நான்கு மூலையிலும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இடதும் வலதும் ஒரே அளவில் தேய்ந்திருப்பது அபூர்வம். கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்காமல் மை கலக்கச் சொல்லிக்கொடுப்பது வீண். அச்சு மங்கும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் மை வைப்பார்கள், ண-வின் சுழி அடைபடும், அதற்கும் மையையே குறை சொல்வார்கள்.

அடுத்தது பிளாட்டன் மட்டம். 36 அல்லது 48 பாயிண்ட் எழுத்து நான்கு எடுத்து சேஸ் என்ற இரும்புச் சட்டத்தின் நான்கு மூலையிலும் பூட்டி, மையில்லாமல் ஒரு தாளில் அழுத்தி, தாளைத் திருப்பி வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நான்கு பதிவும் ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பிளாட்டனின் பின்பக்கத்து போல்ட்டுகளில் பூட்டு நட்டைத் தளர்த்தி, அரைக்கால் சுற்றுக்கு மேல் போகாமல் திருப்பி மறுபடி பாருங்கள். பலர் தவறுவது இதற்குப் பிறகுதான். பிளாட்டன் கீழே கீல் போட்டுத் திரும்புவதால், பிளாட்டனில் தாளுக்கு அடியில் வைக்கும் பேக்கிங் மட்டம் பார்த்த கனத்தைவிட அதிகமானால் கீழ்ப்பக்கம் முதலில் இடிக்கும், மேல்வரி வெளுத்துப்போகும். உடனே போல்ட்டைத் திருப்பத் தோன்றும். திருப்பக் கூடாது. 300 ஜிஎஸ்எம் காட்டன் அட்டை சுமார் அரை மில்லிமீட்டர் கனம், ரசீதுத் தாளோ அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்காது. அட்டை ஓட்டும்போது பேக்கிங்கை மூடியிருக்கும் டிம்பன் தாளுக்கு அடியிலிருந்து அந்த அளவுக்குத் தாள்களை உருவிவிட வேண்டும். தாளும் பேக்கிங்கும் சேர்ந்த மொத்தக் கனம் என்றைக்கும் மாறக் கூடாது. ஒரு மைக்ரோமீட்டர் வாங்கி வைத்துக்கொண்டால் இந்தத் தலைவலி தீரும்.

ஆழமாகப் பதிய வேண்டும் என்கிற ஆசைக்கு ஈய எழுத்தைப் பலியிடாதீர்கள். ஈயம், ஆன்டிமனி, வெள்ளீயம் கலந்த அந்த உலோகம் தாளைத் தொட்டு மை கொடுப்பதற்காகச் செய்தது. மெத்தென்ற பேக்கிங் வைத்து அட்டைக்குள் அமுக்கினால் முதலில் புள்ளியும் கொம்பும் மழுங்கும். ஆழம் வேண்டுமென்றால் பாலிமர் பிளேட்தான். கணினியில் தமிழ் எழுத்துருவில் அமைத்து, நெகட்டிவ் ஃபிலிம் எடுத்து, புற ஊதா ஒளியில் காட்டி, தண்ணீரில் கழுவி, உலர்த்தி, மறுபடி ஒளியில் காட்டினால் பிளேட் தயார். எழுத்து உயரம் 0.918 அங்குலம், அதாவது 23.3 மில்லிமீட்டர். பிளேட் 1.5 மில்லிமீட்டர் என்றால் அடியில் வைக்கும் அலுமினியக் கட்டை 21.8 மில்லிமீட்டர், அதிலும் ஒட்டு டேப்பின் கனத்தைக் கழிக்க வேண்டும். லேத் பட்டறையில் நான்கு மூலையும் அளந்து வாங்குங்கள். மெல்லிய எழுத்துருவில் மெய்யெழுத்தின் தனிப்புள்ளி கழுவும்போதே உதிர்ந்துவிடும், புள்ளியைச் சற்றுப் பெரிதாக்கி அனுப்புவது நல்லது.

அப்படியானால் ஈய எழுத்து எதற்கு? கற்பிப்பதற்கு. இதில் எங்கள் கருத்து கறாரானது: கம்போசிங்கை, அதாவது எழுத்து கோர்ப்பதை, முதலில் சொல்லிக்கொடுக்கக் கூடாது, பிரித்துப் போடுவதைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும். அச்சாகி முடிந்த ஃபாரத்தைக் கழுவி, நாலைந்து வரியை லேசாகத் தண்ணீர் தொட்டு இடக்கையில் ஏந்தி, ஒரு சொல்லாகப் படித்து, எழுத்துகளை அதனதன் அறையில் போடுவது. தண்ணீர் தொட்டால் எழுத்து ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு சரியாமல் நிற்கும். இந்த வேலையில் எழுத்துப் பெட்டியான கேஸின் அறைகள் விரலுக்குப் பழகிவிடும், எழுத்தைக் கவிழ்த்து வாசிக்கக் கண்ணும் பழகும். ஆங்கிலத்தில் பெரியதும் சிறியதுமாக 52 எழுத்து. தமிழில் 18 மெய்க்கும் புள்ளி, அகரம், இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம் என்று ஆறாறு வடிவம் வைத்தாலே 108. அதோடு உயிர் 12, ஆய்தம், கால், இரண்டு கொம்பு, ஐகாரக் கொம்பு, பிறகு ஜ, ஷ, ஸ, ஹ குடும்பம். கம்போசிங்கில் தொடங்கினால் ஒவ்வொரு எழுத்தையும் தேடித்தேடி ஆர்வமே போய்விடும். தப்பாகப் போட்ட எழுத்து அடுத்தவரின் வரியில் பிழையாக வந்து நிற்கும் என்பதும் பிரித்துப் போடும்போதுதான் உறைக்கும்.

வரி கோர்க்கும் ஸ்டிக்கில், எழுத்தின் உடலில் உள்ள நிக் என்ற வெட்டு மேலே பார்க்க, இடமிருந்து வலமாக அடுக்க வேண்டும். செல்போனில் தட்டச்சு செய்து வளர்ந்தவர்கள் எல்லோரும் செய்யும் ஒரே பிழை ‘கொ’வில் வரும். போனில் க-வைத் தட்டிவிட்டு ஒகரத்தைத் தட்டினால் கொம்பு தானாக முன்னால் போய் உட்காரும். ஈயத்தில் அப்படி நடக்காது, கொம்பு, க, கால் என்று அந்த வரிசையில் கையால் எடுக்க வேண்டும். ர-வும் காலும், ன-வும் ண-வும், ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் மாறுவது அடுத்த நிலைப் பிழைகள். இன்னொன்றும் உண்டு. 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் வார்த்த எழுத்துகளில் ணை, லை, ளை, னை, ணா, றா, னா ஆகியவை பழைய கூட்டு வடிவத்தில் இருக்கும். பழைய கேஸ் வாங்கினால் இவை கலந்தே வரும். இன்றைய பிள்ளைகள் பலருக்கு அவற்றை அடையாளமே தெரியாது. தனியறையில் ஒதுக்கிவிடுங்கள், தூக்கி எறிய வேண்டாம்.

வரி இறுக்கத்துக்கு ஒரே சோதனை போதும்: ஸ்டிக்கைச் சற்றுச் சாய்த்தால் வரி விழாமல் நிற்க வேண்டும், விரலால் தள்ளினால் நகர வேண்டும். பூட்டும்போது, ஃபாரத்தைச் சேஸில் இறுக்கும் ஆப்பான குவாயினை இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி இறுக்குங்கள். மரக்கட்டை வைத்துத் தட்டி மட்டமாக்கி, சேஸின் ஒரு மூலையைத் தூக்கி விரலால் அழுத்திப் பாருங்கள். உதிரும் எழுத்து இருந்தால் பிழை வரியின் அளவில் இருக்கிறது, குவாயினில் இல்லை. அதை மேலும் முறுக்கினால் ஃபாரம் நடுவில் எழும்பி அச்சில் இழுவை விழும்.

நம்பரிங் வேலையில் பணம் வருகிறது, தொல்லையும் அதே அளவு வருகிறது. ஃபாரத்தில் பூட்டும் நம்பரிங் மெஷினை இறங்குவரிசையில் எண் மாறும் வகையாக வாங்குங்கள். டிரெடிலில் அச்சான தாள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுவதால், 1000-இல் தொடங்கி 1-இல் முடித்தால் அடுக்கு அப்படியே புத்தகமாகிவிடும். எண் தாவினால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: பேக்கிங் மெத்தென்று இருந்து, எண்ணை மாற்றும் பிளஞ்சர் முழுதாக அமுங்காமல் போவது, அல்லது ரோலர் தாழ்ந்து ஓடி அச்சுக்கு முன்னாலேயே பிளஞ்சரை அமுக்கிவிடுவது. மேலே சொன்ன 3 மில்லிமீட்டர் கோடு இங்கேயும் உதவும். வேலை முடிந்ததும் டர்பன்டைனில் முக்கிக் கழுவி ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட வேண்டும். கொளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் இதை ஓரிரவு மறந்தாலும் எண்சக்கரம் இறுகிவிடும். பெர்ஃபரேஷன் ரூலை ரோலரைக் கழற்றிவிட்டே ஓட்டுங்கள், ரப்பரில் கீறல் விழுந்தால் அந்த ரோலர் அவ்வளவுதான். அட்டையை வடிவத்துக்கு வெட்டும் டை கட்டிங் ரூல் 23.8 மில்லிமீட்டர் உயரம், எழுத்தைவிட அரை மில்லிமீட்டர் கூடுதல். பேக்கிங்கை முழுக்க எடுத்து பிளாட்டனில் எஃகுத் தகடு கட்டாமல் தொடவே வேண்டாம்.

மழைக்காலத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். அட்டை ஈரத்தில் விரியும், நார் ஓடும் திசைக்குக் குறுக்கே அதிகம் விரியும். காலையில் சிவப்பு அடித்துவிட்டு மறுநாள் கறுப்பு அடித்தால் பொருந்தாது. இரண்டு நிறத்தையும் ஒரே நாளில் முடியுங்கள், இல்லையென்றால் அடுக்கை பாலித்தீனில் இறுகச் சுற்றி வையுங்கள். எண்ணெய் மை காயவும் நாளாகும். கோபால்ட் டிரையர் சில சொட்டு விடலாம், அதிகம் விட்டால் மை, அதைப் பரப்பும் வட்டத் தட்டான டிஸ்க்கிலேயே தோல் கட்டும். கழுவுவதற்கு மண்ணெண்ணெய் வேண்டாம், ரோலரில் எண்ணெய்ப் படலம் நிற்கும், அடுத்த மை பிடிக்காது. இரவில் மை டிஸ்க்கைத் துடைத்து எஸ்ஏஇ 30 எண்ணெய் மெல்லப் பூசிவிட வேண்டும். அந்த எண்ணெயையே காலையில் ஒவ்வொரு எண்ணெய்த் துளையிலும் விட வேண்டும். துளைகள் தாள்தூசியால் அடைபட்டிருக்கும், கம்பி விட்டுக் குத்திவிட்டு ஊற்றுங்கள்.

மோட்டாரைக் கற்பவருக்குத் தராதீர்கள். காலால் மிதித்து மணிக்கு 600 தாள் ஓட்டினால் போதும். கோணலாகப் போன தாளை எடுக்கக் கை தானாக உள்ளே போகும். கால் வேகத்தில், எழுத்து தாளில் படாமல் விலக்கும் இம்ப்ரெஷன் லீவரைத் தள்ள நேரம் கிடைக்கும், மோட்டாரில் கிடைக்காது. விழுந்த தாள் போகட்டும், கெட்ட தாள் கெடட்டும் என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். எழுத்து தொட்ட கையோடு சாயா குடிக்கவோ வாயில் எதையும் போடவோ கூடாது, சோப்பு போட்டுக் கழுவிவிட்டுத்தான். நெடுநாள் மூடிக் கிடந்த மரக்கேஸில் எழுத்தின்மேல் வெள்ளைப் பொடி படர்ந்திருந்தால் அது ஈயம் அரித்த பொடி, நச்சு. வாயால் ஊதாதீர்கள். முகக்கவசம் போட்டு ஈரத்துணியால் எடுங்கள். அப்படிப்பட்ட கேஸைக் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இருக்கும் இடத்தில் திறக்க வேண்டாம்.

எழுத்து வாங்கும்போது கிலோ கணக்கில் பேசுவார்கள். ஒத்துக்கொள்வதற்குமுன் ஒரே அறையிலிருந்து பத்து எழுத்தை எடுத்து ஸ்டிக்கில் வரிசையாக நிறுத்துங்கள். நிக் ஒரே கோட்டில் வராவிட்டால் இரண்டு வார்ப்பு கலந்திருக்கிறது. முகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், ஓரம் பளபளத்து வட்டமாக இருந்தால் தேய்ந்தது. 12 பாயிண்ட்டில் ஒரு பக்கம் கோர்க்கும் அளவுக்கு நல்ல எழுத்து தேறாதென்றால், 24 பாயிண்ட்டில் தலைப்புக்கு மட்டும் ஒரு கேஸ் வாங்குங்கள். மீதியை பாலிமரில் செய்துகொள்ளலாம், பிரித்துப் போட்டுப் பழக அந்த ஒரு கேஸே போதும்.